வீட்டிலிருந்து வேலை: காலையில் முதல் வரி எழுதவே 11 மணி ஆகிவிடுகிறது

மேகலா:
வணக்கம். எட்டு மாதமாக முழுக்க வீட்டிலிருந்தே வேலை. மென்பொருளுக்குப் பயனர் கையேடு எழுதுகிறேன். 9 மணிக்கெல்லாம் மடிக்கணினி முன் உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் முதல் வரி எழுத 11 ஆகிவிடுகிறது. அதுவரை சும்மா இருப்பதும் இல்லை. மெயில் பார்க்கிறேன், சாட்டில் பதில் போடுகிறேன், பழைய ஃபைல்களை அடுக்குகிறேன். அப்புறம் அதை ஈடுகட்ட ராத்திரி 10 வரை இழுக்கிறது. எனக்கு இந்த வேலை பிடிக்கும், அதனால்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. மேற்பார்க்க ஆள் இல்லாதபோது நீங்கள் எப்படித் தொடங்குகிறீர்கள்? மன உறுதி வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை எனக்கு நானே தினமும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

கதிர்:
மேகலா, ஆறு வருடமாக வீட்டிலிருந்து மென்பொருள் டெஸ்டிங் பார்க்கிறேன். முதல் வருடம் நானும் இப்படித்தான் திணறினேன். அலுவலகத்தில் கிளம்பிப் போவது, பக்கத்து இருக்கைக்காரர் தட்டச்சு செய்யும் சத்தம், எல்லாமே நம்மை வேலைக்குள் தள்ளிவிடும். வீட்டில் அந்தத் தள்ளுதலையும் நாமே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.

எனக்குக் கைகொடுத்தது, முந்தின நாளை முடிக்கும் விதம். சாயங்காலம் ஐந்தரைக்கு, மறுநாள் ஓட்ட வேண்டிய டெஸ்ட்டைத் திறந்து முதல் படியை எழுதுவேன். இரண்டாம் படியில் "பயனர் தவறான கடவுச்சொல்லை" என்பதோடு பாதியில் நிறுத்தி, அப்படியே மூடிவிடுவேன். காலையில் திறந்ததும் அந்த அரைகுறை வரிதான் கண்ணில் படும். அதை முடிக்காமல் கை நிற்காது. முடித்தால் அடுத்த படி தானாக வரும்.

கூடவே திரையோரம் ஒரு சீட்டு: "நாற்காலியில் உட்கார்ந்தால் முதலில் பாதி வரி, பிறகுதான் மெயில்." உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்டது இது. நன்றாக உழைப்பேன் என்று பொதுவாக நினைப்பதைவிட, இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்பே முடிவு செய்துகொண்டால் அது நடக்க வாய்ப்பு அதிகம் என்கிறார்.

இன்னொன்று. சுய தலைமை, அதாவது நம்மை நாமே வழிநடத்துவது பற்றி 1986இல் எழுதிய மேலாண்மை ஆய்வாளர் சார்லஸ் மான்ஸ், நம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளச் சொல்வதோடு நிற்கவில்லை. வேலைக்குள்ளேயே நமக்கு இனிக்கும் இடம் எது என்று தேடச் சொன்னார். உங்கள் கையேட்டில் அது எது? அதைக் காலையில் வைத்துப் பாருங்கள்.

நிலா:
கதிர் சொன்ன பாதி வரி யோசனையை நானும் செய்து பார்க்கப் போகிறேன். ஆனால் எல்லாப் பாரத்தையும் ஊழியர் தலையில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் 12 பேர் கொண்ட குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். ஒருவர் வாரக்கணக்கில் இழுத்தடிக்கிறாரே என்று பேசிப் பார்த்தேன். எதுவரை செய்தால் வேலை முடிந்ததாகக் கணக்கு என்பதே அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லவே இல்லை, தவறு என்னுடையது. மேகலா, உங்களுக்கு அது தெளிவாகத் தெரியுமா?

தனிமையையும் சேர்த்துப் பாருங்கள். சீனாவில் ஒரு பயண நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் பொருளாதார ஆய்வாளர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் ஒன்பது மாதம் ஆய்வு நடத்தினார்கள். வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. ஆனாலும் பிறகு விருப்பம் கேட்டபோது ஏறக்குறைய பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள். தனியாக இருந்தது அவர்களுக்கு ஒத்துவரவில்லை. அதனால் நானும் ஒரு தோழியும் காலையில் அரை மணி நேரம் வீடியோவைப் போட்டுவிட்டு, பேசாமல் அவரவர் வேலையைப் பார்க்கிறோம்.

மேகலா:
இருவருக்கும் நன்றி. நேற்று 5:40க்கு "சேமி பொத்தானை அழுத்தியதும்" என்று எழுதி மூடினேன். இன்று 9:10க்கு அந்த வரி முடிந்தது, 10:15 வரை மெயிலைத் திறக்கவில்லை. எனக்கு இனிக்கும் இடம் மென்பொருள் திரையைப் படமெடுத்து அதில் அம்புக்குறி போட்டு விளக்குவது, அதாவது ஸ்கிரீன்ஷாட் வேலை. நாளை முதல் அதைத்தான் முதலில் எடுக்கப் போகிறேன்.

நிலா, நீங்கள் கேட்டது சுருக்கென்று தைத்தது. ஒரு பகுதி எப்போது முடிந்ததாக அர்த்தம் என்று எனக்கும் தெரியாது. செவ்வாய்க்கிழமை மேலாளரிடம் கேட்கிறேன். ராத்திரி 10 மணிப் பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை. அதை விட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.