வீட்டிலேயே பீர் போடலாமா? ஓசூரில் புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு வழி சொல்லுங்க

ஓசூர்_மணி:
அமெரிக்காவுல இருந்தப்ப நண்பன் வீட்டுல பீர் போடுறதைக் கூட இருந்து பார்த்தேன். இப்ப சிப்காட் பக்கம் வேலை. பார்லி மால்ட் (முளை கட்டிக் காய வச்ச பார்லி), ஹாப்ஸ் (கசப்புக்குப் போடுற பூ), ஈஸ்ட், மூடி போட்ட 20 லிட்டர் வாளி, இவ்வளவுதானே வேணும்? விக்கப் போறதில்ல, எனக்கு மட்டும்தான். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

தொப்பூர்க்காரன்:
தம்பி, வாளி வாங்குறதுக்கு முன்னாடி சட்டத்தைப் பாருங்க. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. லைசென்ஸ் இல்லாம மது தயாரிச்சாலே குற்றம். அதுக்கான சாமான் செட்டை வச்சிருந்தாலும் குற்றம். விக்கலன்னு சொன்னா விட மாட்டாங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில அத்தனை பேர் செத்த பிறகு தண்டனையை இன்னும் கடுமையாக்கிட்டாங்க. நம்ம ஊருக்கும் இந்தச் சட்டத்துக்கும் ரொம்ப நாள் பழக்கம். ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்னிக்கு மதுவிலக்கை முதல்ல கொண்டு வந்ததே சேலம் ஜில்லாவுலதான். தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்ப அதுக்குள்ளதான் இருந்துச்சு. அவர் பொறந்த தொரப்பள்ளி உங்க ஓசூர் பக்கத்துலயே இருக்கு.

ஓசூர்_மணி:
அண்ணா, கள்ளக்குறிச்சியையும் பீரையும் ஒண்ணா வைக்காதீங்க. அங்க உயிரைக் குடிச்சது மெத்தனால்ங்கிற விஷம் கலந்த சாராயம். மால்ட்ல ஈஸ்ட் போட்டா வர்றது எத்தனால், வழக்கமா குடிக்கிற மதுவுல இருக்கிறது. பழத்துல இருக்கிற பெக்டின்ங்கிற நார்ச்சத்துலதான் மெத்தனால் கொஞ்சம் உண்டாகும், தானியத்துல அது ரொம்பக் குறைவு. பீர்ல வடிச்சு இறக்குற வேலையே இல்ல. அமெரிக்காவுல 1978-ல ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்டு வீட்டு பீருக்கு வழி விட்டார். பெரியவங்க ரெண்டு பேர் இருக்கிற வீடுன்னா வருஷத்துக்கு 200 கேலன் வரைக்கும் போட்டுக்கலாம். அங்க பீர் கம்பெனி வச்ச எத்தனையோ பேர் வீட்டு வாளியில கத்துக்கிட்டவங்கதான்.

தொப்பூர்க்காரன்:
நீங்க சொல்ற விஞ்ஞானம் அத்தனையும் சரி. ஆனா அங்க சட்டத்தை மாத்தினதுக்கு அப்புறம்தானே அந்த உரிமை வந்துச்சு? இங்க மாத்தச் சொல்லிக் கேளுங்க, மனுவுல நானும் கையெழுத்துப் போடுறேன். அதுவரைக்கும் வேணாம். வேலையில இருக்கிற பையன் மேல ஒரு கேஸ் விழுந்தா பாஸ்போர்ட்டுக்குக்கூட அலைய வேண்டி வரும்.

பென்னாகரம்_அக்கா:
நான் சொல்றதையும் கேளுங்க தம்பி. பீர்ல பாதி வேலை மால்ட். அது நம்ம கேழ்வரகுல காலங்காலமா நடக்குது. முளை கட்டின ராகி மாவுல மாவுச்சத்தைச் சர்க்கரையா உடைக்கிற அமிலேஸ் இருக்கு. கெட்டியா ராகிக் கஞ்சி காய்ச்சி, 65 டிகிரிக்கு ஆற விட்டு, அந்த முளை மாவை ரெண்டு ஸ்பூன் கலந்து மூடி வைங்க. கரண்டி நிக்கிற கஞ்சி கொஞ்ச நேரத்துல நீர்த்து ஓடும். வெல்லம் போடாமலே இனிக்கும். பீர்க்காரங்க பார்லியில செய்றதும் இதேதான். இதுக்கு எந்த போலீஸும் வராது. தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி இதுல கை பழகுங்க.

ஓசூர்_மணி:
அக்கா, அருமை. ஆனா இது கஞ்சியோட நின்னுடுதே. ஈஸ்ட் வேலை செய்யும்போது அதைக் கட்டுக்குள்ள வைக்கிறதுதான் நிஜமான வித்தை. ஏல்ங்கிற பீர் வகைக்குப் போடுற ஈஸ்ட்டுக்கு 18-லருந்து 22 டிகிரி வேணும். சூடு ஏறினா தொண்டையைக் காந்துற வாடை வந்துடும். செஞ்சு பார்க்காம அது எப்படிக் கைக்கு வரும்?

பென்னாகரம்_அக்கா:
புளிக்க வைக்கிறதும் நம்ம வீட்டுலயே இருக்கே. ராத்திரி கரைச்சு வச்ச கூழ் மாவு மார்கழியில ஒரு பக்குவம், சித்திரையில வேற பக்குவம். அதுல பாக்டீரியா, உங்களுக்கு ஈஸ்ட். சூட்டையும் நேரத்தையும் பாத்திரச் சுத்தத்தையும் எழுதி வச்சுப் பாருங்க. சோப்பு போட்டுத் தேய்ச்சாப் போதாது, கொதிக்கிற தண்ணி ஊத்தணும். அந்தப் பழக்கம் வராதவங்க எந்த நாட்டுல பீர் போட்டாலும் புளிச்சுத்தான் போகும்.

தொப்பூர்க்காரன்:
பெங்களூருல லைசென்ஸ் வாங்கி அங்கயே காய்ச்சுற பப் நிறைய இருக்கு. ஒரு மணி நேரப் பயணம். உள்ள வேலை பார்க்கிறவங்ககிட்ட பேச்சுக் கொடுத்துப் பாருங்க.

ஓசூர்_மணி:
சட்டம் தப்புன்னுதான் இன்னும் நினைக்கிறேன், அதுல மாற்றமில்ல. பீர் போடுற சாமான் செட்டை ஆர்டர் பண்றதை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன். அக்கா, குழந்தைக்குன்னு கடையில விக்கிற ராகி மால்ட் மாவு இதுக்கு ஆகுமா?

பென்னாகரம்_அக்கா:
ஆகாது தம்பி. பெரும்பாலும் வறுத்து அரைச்சிருப்பாங்க, அந்தச் சூட்டுல அமிலேஸ் செத்துடும். ராகியை ராத்திரி முழுக்க ஊற வச்சு, ஈரத்துணியில ரெண்டு மூணு நாள் கட்டி வைங்க. அப்பப்ப தண்ணி தெளிக்கணும். பூசணம் பிடிச்ச வாடை வந்தா மொத்தத்தையும் கொட்டிடுங்க. முளை விட்டதும் நல்லா காய வச்சு, வேரைத் தேய்ச்சுப் புடைச்சு, வறுக்காம அரைங்க.