தோன்ஸ்பெர்க் புத்தகப் படங்கள் "நேரில் பார்த்து வரைந்தவை"தானா?

கல்லச்சு:
நேற்று இன்னொரு இழையில் பெர்கன்வாசி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நார்வே மக்களுக்கு அவர்களுடைய உடையின் அருமையை உணர்த்தியவரே பதிப்பாளர் கிறிஸ்டியன் தோன்ஸ்பெர்க்தானாம். 1852-இல் அவர் கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், வெளியிட்ட 'நார்வேயின் தேசிய உடைகள்' புத்தகத்தில் உள்ள அத்தனை படமும் நேரில் பார்த்து வரைந்தவையாம். இருபத்திரண்டு வருடம் அச்சகத்தில் வேலை பார்த்தவன் நான். அந்தப் புத்தகத்தில் இருப்பவை கல்லச்சுப் படங்கள், அதாவது கல்லில் வரைந்து அச்சிட்டவை. அப்படி ஒரு படத்தைக்கூட "நேரில் பார்த்து வரைந்தது" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பெர்கன்வாசி:
என் பெயரைப் போட்டு இழை தொடங்கியதற்கு நன்றி ஐயா. நான் கதை விடவில்லை. புத்தகத்தின் தலைப்புப் பக்கத்திலேயே 'எஃப்தர் நாத்தூரென்' என்று அச்சாகியிருக்கிறது. இயற்கையைப் பார்த்து, பல்வேறு நார்வே ஓவியர்கள் வரைந்தவை என்று பொருள். தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

கல்லச்சு:
தலைப்புப் பக்கத்தில் போட்டால் உண்மையாகிவிடுமா? தயாரிப்பு முறையைக் கேளுங்கள். ஓவியர் தாளில் வரைகிறார். அந்தத் தாளைப் பார்த்து இன்னொருவர் சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்பு மைக்கோலால் மறுபடி வரைகிறார். கல்லை நனைத்தால் கோடு இல்லாத இடமெல்லாம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், கொழுப்புக் கோடு மட்டும் மையை வாங்கும். அழுத்தினால் தாளில் இடம் வலம் மாறி விழும். கல்லில் வரைகிறவர் அதை மனத்தில் வைத்துத் திருப்பி வரையாவிட்டால், இடது பக்கம் முடிச்சிட்ட இடுப்பு முன்துணி வலது பக்கம் வந்து நிற்கும். அப்புறம் வண்ணம். இத்தனை கை மாறியது எப்படி நேரில் பார்த்தது ஆகும்?

பெர்கன்வாசி:
முதலில் பார்த்தவர் நேரில்தானே பார்த்தார்? ஓவியர் அடோல்ஃப் தீடெமான் 1843-இலேயே தெலமார்க், ஹர்டாங்கர், சோக்ன் என்று ஊர் ஊராகப் போய் குறிப்பேடு குறிப்பேடாக வரைந்தவர். நான் இங்கே நார்வேயின் பெர்கன் நகரில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். நார்வேயின் தேசிய நாளான மே 17 அன்று தெருவில் நின்றால் ஹர்டாங்கர் உடை என் கண் முன்னாலேயே போகும். சிவப்பு மேல்சட்டை, மணி கோத்த மார்புத் துணி, வெள்ளை நூலால் துளைவேலை செய்த இடுப்பு முன்துணி. போன வருடம் பக்கத்து வீட்டுப் பாட்டி மார்பில் குத்தும் தன் வெள்ளித் தொங்கட்டான் ஊசியை என் மகள் கையில் கொடுத்து, தொங்குவதை எண்ணச் சொன்னார். சின்னச் சின்ன வெள்ளிக் கிண்ணங்கள், ஒன்றோடொன்று உரசிச் சலசலக்கும். பழைய படங்களிலும் அதே கிண்ணங்கள்தான். கற்பனையில் அது வராது.

ஏட்டுச்சுவடி:
குறுக்கே வருகிறேன். அவர் பெயர் தோன்ஸ்பெர்க் இல்லை. பெயரில் முதலில் வரும் உயிரெழுத்து ஓகாரமும் இல்லை, ஏகாரமும் இல்லை. த்யோன்ஸ்பெர்க் என்று எழுதலாம்.

பெர்கன்வாசி:
ஏட்டுச்சுவடி அண்ணா, 'த்யோ' அதைவிடத் தப்பு. இங்கே யாரும் யகரம் சேர்த்துச் சொல்வதில்லை.

வடதிசை:
தோன்ஸ்பெர்க் என்பது ஊர்ப் பெயர் இல்லையா? நார்வேயின் மிகப் பழைய ஊர்களில் ஒன்று என்று படித்திருக்கிறேன். ஆளைப் பற்றிப் பேசுகிறீர்களா, ஊரைப் பற்றியா?

கல்லச்சு:
ஆளைப் பற்றித்தான். 1813-இல் பிறந்து 1897-இல் இறந்த பதிப்பாளர். மேலே எழுதியதைப் படித்துவிட்டு வாருங்கள்.

சரி, தீடெமானுக்கு வருவோம். மந்தாலில் பிறந்தவர், கோபன்ஹேகனில் படித்தவர், குடியிருந்தது ஜெர்மனியின் ட்யூசல்டார்ஃபில். கோடையில் நார்வேக்கு வந்து குறிப்பு எடுப்பார், ஓவியத்தை ட்யூசல்டார்ஃபில் முடிப்பார். 1848-இல் ஓவியர் ஹான்ஸ் கூடெயோடு சேர்ந்து வரைந்த 'ஹர்டாங்கர் மணமகள் ஊர்வலம்' நார்வேயின் முகமே ஆகிவிட்டது. மனிதர்கள் தீடெமான் கை, மலையும் நீரும் கூடெ கை. அருமையான படம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் படகில் உட்கார்ந்திருப்பவர்களை அவர் அப்படியே பார்த்து வரையவில்லை. தோன்ஸ்பெர்க் 1854-இல் தீடெமானின் நாட்டுப்புற வாழ்க்கைப் படங்களைத் தனிப் புத்தகமாகப் போட்டாரே, அதுவும் இதே கணக்குத்தான். நேரில் பார்த்தது வேறு, நினைவிலிருந்து கூட்டிச் சேர்த்தது வேறு.

பெர்கன்வாசி:
நீங்கள் 1852-ஆம் வருடப் புத்தகத்தை விட்டுவிட்டு எங்கெங்கோ போகிறீர்கள். தலைப்புப் பக்கம். அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கல்லச்சு:
பதில் சொல்லியாகிவிட்டது. கல்லில் வரைந்தவன் பெயர் அந்தத் தலைப்புப் பக்கத்தில் இருக்கிறதா? "பல்வேறு நார்வே ஓவியர்கள்" என்பதோடு நிற்கிறது. பதிப்பாளர் பெயர் மட்டும் பளிச்சென்று. மை பூசியவனும் வண்ணம் தீட்டியவனும் எங்கே போனார்கள்? எனக்கு இதுதான் வலிக்கிறது. எங்கள் அச்சகத்திலும் முதலாளி பெயர்தான் கடைசிப் பக்கத்தில் வரும்.

வடதிசை:
இந்தக் கோபம் அச்சக முதலாளி மேலா, தோன்ஸ்பெர்க் மேலா?

கல்லச்சு:
இரண்டு பேர் மேலும்தான். அதை மறைக்கவில்லை.

ஏட்டுச்சுவடி:
படப் பதிப்பில் தோன்ஸ்பெர்க்கை முதல் ஆள் போலப் பேசுவதே தவறு. அவருக்கு முன்பே, 1835-இல், 'ஷில்லிங் மகசின்' என்ற படவார இதழ் வந்துவிட்டது. போட்டவர்கள் குல்ட்பெர்க் என்ற நார்வேக்காரரும், ட்ஸ்வோன்கோவ்ஸ்கி என்ற போலந்து அகதியும். உடைகளை வரைவதிலும் யொஹானஸ் ஃப்ளிந்தோ முந்திவிட்டார். கோபன்ஹேகனில் பிறந்து நார்வே மலைகளில் அலைந்து வரைந்தவர்.

பெர்கன்வாசி:
முதல் ஆள் என்று நான் எங்கே எழுதினேன்? எடுத்துக் காட்டுங்கள். 1848-இல் 'ஓவியங்களில் நார்வே' என்ற புத்தகத்துக்கு அஸ்பியோர்ன்சென்னை எழுத வைத்தவர் தோன்ஸ்பெர்க். நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய அதே அஸ்பியோர்ன்சென். ஓவியர் ஒருவர், எழுத்தாளர் ஒருவர், வாங்குகிறவர் வேறொருவர், எல்லோரையும் ஒரு புத்தகத்துக்குள் கொண்டுவருவது சும்மா வேலையா? நானூறு வருடத்துக்கு மேல் டென்மார்க்கின் கீழ் இருந்து, 1814-க்குப் பிறகு ஸ்வீடன் மன்னரோடு கட்டுண்ட நாடு. நம் மலை இது, நம் உடை இது என்று காட்ட ஒருவர் பணம் போட்டார். அதை வியாபாரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏட்டுச்சுவடி:
அந்தப் புத்தகங்களின் எழுத்து மொழி ஏறக்குறைய டேனிஷ்தான். தேசியம் பேசும்போது அதையும் சொல்லுங்கள்.

பெர்கன்வாசி:
அப்போது நார்வேயில் பெரும்பாலோர் அப்படித்தான் எழுதினார்கள். நாடகாசிரியர் இப்சனும்தான்.

வடதிசை:
இப்சன் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1851-இல் தொடங்கிய 'இல்லுஸ்த்ரேரெத் நீஹெட்ஸ்ப்ளாட்' படவார இதழில்தான் அவருடைய 'எஸ்த்ரோத் இங்கர் சீமாட்டி' 1857-இல் தொடராக வந்தது. 'காதலின் நகைச்சுவை'யும் 1862-இன் கடைசியில் அந்த இதழின் புத்தாண்டு இணைப்பாகவே வந்தது. நம்மவர்கள் 'பொம்மை வீடு' தாண்டி இப்சனைப் படிப்பதே இல்லை.

கல்லச்சு:
இப்சனுக்கு வேறு இழை திறவுங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான். நேரில் பார்த்து வரைந்தவையா, இல்லையா? பெர்கன்வாசி பாட்டியின் வெள்ளி ஊசியைக் காட்டுகிறார். ஊசி படத்தில் சரியாக இருப்பதால் படம் முழுக்கச் சரி என்று ஆகாது. இன்று மக்கள் போடும் பூனாட் உடையை ஒழுங்குபடுத்தியதில் 1903-இல் 'நார்வே நாட்டுடை' எழுதிய ஹுல்டா கார்போர்க்குக்குப் பெரிய பங்கு. அதற்குள் தோன்ஸ்பெர்க் புத்தகம் வந்து ஐம்பது வருடம் ஓடிவிட்டது. நடுவில் எத்தனை பேர் படத்தைப் பார்த்து உடையைத் திருத்தித் தைத்திருப்பார்கள்? படம் உடையைப் பார்த்ததா, உடை படத்தைப் பார்த்ததா? உங்கள் தெருவில் மே 17 அன்று போகிறதே, அதை வைத்து 1852-ஐ நிரூபிக்க முடியாது தம்பி.

பெர்கன்வாசி:
தம்பி என்று கூப்பிட்டு வாயை அடைக்க வேண்டாம், எனக்கு ஐம்பத்தொன்று. எந்தப் படத்தில் எந்த முடிச்சு இடம் மாறியிருக்கிறது என்று ஒன்றே ஒன்று காட்டுங்கள். காட்டாதவரை தலைப்புப் பக்கம் சொல்வதுதான் என் பக்கம்.

கல்லச்சு:
கல்லில் வரைந்தவன் பெயரை நீங்கள் காட்டுங்கள், நான் முடிச்சைக் காட்டுகிறேன்.

ஏட்டுச்சுவடி:
முதலில் பெயரை எப்படி எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். நாளைக்கு யாராவது தேடினால் இந்த இழை கிடைக்காது.