ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் உவமைகளைக் கொண்டு கற்பிப்பது எப்படி?

கேள்வி (ஆண்கள் ஐக்கியப் பொறுப்பாளர்):

சகோதரர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையின் ஆண்கள் ஐக்கியத்தில் வேதபாடம் நடத்தும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. வருகிறவர்கள் மரியாதையோடு உட்கார்ந்து கேட்கிறார்கள், ஜெபித்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் தங்கள் குடும்பத்தைப் பற்றியோ, கோபத்தைப் பற்றியோ, பண விஷயத்தில் படுகிற போராட்டத்தைப் பற்றியோ பேசும்படி கேட்டால் அறை முழுவதும் அமைதியாகிவிடுகிறது. இனி சில மாதங்களுக்கு ஆண்டவருடைய உவமைகளை மட்டும் எடுத்துப் படிக்கலாம் என்று நினைக்கிறேன். எந்த உவமைகளிலிருந்து தொடங்குவது? அவற்றின் பொருளை நானே விளக்கிச் சொல்ல வேண்டுமா, அவர்களே கண்டடையும்படி விட்டுவிட வேண்டுமா? ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்தே இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் பலர் இருப்பதால், "இது தெரிந்ததுதானே" என்ற எண்ணத்தை எப்படிக் கடப்பது என்பதும் எனக்குக் கவலையாக இருக்கிறது.

மறுமொழி (வேதபாட ஆசிரியர்):

சகோதரரே, சுவிசேஷங்களுக்குப் போவதற்கு முன்பு 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். தாவீது ராஜா உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போரில் சாகும்படி செய்த பிறகு அவனிடம் அனுப்பப்பட்ட தீர்க்கதரிசி நாத்தான், ராஜாவின் குற்றத்தை எடுத்தவுடனே சொல்லவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்ட ஐசுவரியவானின் கதையைச் சொன்னார். தாவீது கோபம் மூண்டு, அந்த மனுஷன் மரணத்துக்குப் பாத்திரன் என்றும், ஆட்டுக்குட்டிக்காக நாலத்தனை திரும்பச் செலுத்த வேண்டும் என்றும் தானே தீர்ப்புச் சொல்லிவிட்டான். ஓர் ஆட்டுக்கு நான்கு ஆடுகள் என்பது யாத்திராகமம் 22:1இல் உள்ள நியாயப்பிரமாணம். தாவீது தனக்கு நன்றாகத் தெரிந்த சட்டத்தைக்கொண்டே நியாயந்தீர்த்தான். அதற்குப் பிறகுதான் "நீயே அந்த மனுஷன்" என்ற வார்த்தை வந்தது.

நம்முடைய ஆண்டவரும் இந்த வழியில் பலமுறை போதித்திருக்கிறார். பரிசேயனாகிய சீமோனின் வீட்டில் ஐந்நூறு வெள்ளிக்காசும் ஐம்பது வெள்ளிக்காசும் கடன்பட்ட இருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு, இவர்களில் எவன் அதிக அன்பாயிருப்பான் என்று சீமோனையே கேட்டார் (லூக்கா 7). தேவாலயத்தில் பிரதான ஆசாரியரிடமும் மூப்பரிடமும் இரண்டு குமாரரைப் பற்றிச் சொன்னபோதும், தகப்பனுடைய சித்தத்தின்படி செய்தவன் எவன் என்பதை அவர்கள் வாயிலிருந்தே வரவழைத்தார் (மத்தேயு 21). ஆகவே, "உங்கள் வாழ்க்கையில் இது எப்படி?" என்று முதலிலேயே கேட்காதீர்கள். கதையில் வரும் மனிதனைப் பற்றிக் கேளுங்கள். நான் கண்டவரையில், தன் பிள்ளைகளிடம் கடுமையாக நடந்துகொள்வதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச மாட்டாத ஒருவர்கூட, கெட்ட குமாரன் உவமையில் தம்பி திரும்பி வந்தபோது மூத்த குமாரன் ஏன் வீட்டுக்குள் போக மனதில்லாமல் நின்றான் என்று கேட்டால் தயக்கமில்லாமல் பேசத் தொடங்கிவிடுகிறார். அவர் பேசுவது பாதிக்குமேல் தன்னைப் பற்றியே இருக்கும். அதை நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. சிறிது நேரத்தில் அவருக்கே தெரிந்துவிடும்.

மறுமொழி (சபை மூப்பர்):

எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மத்தேயு 20இல் உள்ள திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமையைப் பரிந்துரைக்கிறேன். வேலையும் கூலியும் பற்றிய கதை என்பதால் எல்லோருக்கும் அதில் ஓர் அபிப்பிராயம் இருக்கும். பன்னிரண்டாம் வசனத்தோடு வாசிப்பை நிறுத்திவிடுங்கள். பகல் முழுவதும் வெயிலில் உழைத்தவனுக்கும் ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் ஒரே பணம் கொடுத்தது நியாயமா என்று கேட்டுவிட்டு, அவர்கள் எவ்வளவு கடுமையாக வாதாடினாலும் எஜமானுக்காக நீங்கள் பரிந்து பேசாமல் இருங்கள். அதன் பிறகு "நான் தயாளனாயிருக்கிறபடியினால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" (பொறாமைப்படலாமா) என்ற பகுதியை வாசிக்கும்போது, அந்தக் கேள்வி அறையில் இருக்கிற ஒவ்வொருவரையும் நோக்கி வரும். பதினோராம் மணி வேளையில், அதாவது மாலை ஐந்து மணியளவில், நின்றவர்கள் சொன்ன பதிலையும் கவனிக்காமல் கடந்துபோகாதீர்கள்: "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை." வேலையிழந்து நின்ற ஒரு மனிதருக்கு அந்த உவமை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் திறக்கும்.

அடுத்ததாக மத்தேயு 18இல் உள்ள இரக்கமற்ற ஊழியக்காரன். இங்கே கணக்கைப் போட்டுக்காட்டுங்கள். ஒரு வெள்ளிப்பணம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் ராஜா அவனுக்கு மன்னித்த 10,000 தாலந்து கடன் என்பது ஆறு கோடி நாள் கூலி. அவன் தன் உடன்வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்து நெரித்தது தனக்கு வரவேண்டிய 100 நாள் கூலிக்காக. நூறு நாள் கூலி என்பதும் சிறிய தொகையல்ல என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். நமக்கு விரோதமாகச் செய்யப்பட்டவை அற்பமானவை என்று ஆண்டவர் சொல்லவில்லை. உடன்பிறந்தவரோடு சொத்து விஷயத்தில் பேச்சு நின்றுபோன ஒருவருக்கு அந்த ஒப்புதல் கிடைத்தால்தான் அவர் மேற்கொண்டு கேட்பார்.

மறுமொழி (இறையியல் மாணவர்):

மூத்தவர்கள் சொன்னதோடு சில எச்சரிப்புகளைச் சேர்க்க விரும்புகிறேன். விளக்கமே கூடாது என்ற நிலைக்குப் போய்விட வேண்டாம். விதைக்கிறவனின் உவமையைச் சீஷர்களாலேயே புரிந்துகொள்ள முடியவில்லை. அவர்கள் தனித்திருக்கையில் கேட்டார்கள், ஆண்டவர் விவரித்தார் (மாற்கு 4). கேட்கிறவர்களுக்கு விளக்கம் கொடுக்கப்பட வேண்டும். கேள்வி எழுவதற்கு முன்பே கொடுத்துவிடுவதுதான் உவமையின் வேலையைக் கெடுக்கிறது.

கதையின் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஆவிக்குரிய அர்த்தம் தேடுகிற பழக்கமும் ஆண்கள் கூட்டங்களில் எளிதில் வந்துவிடும், ஏனெனில் அது தன்னைப் பற்றிப் பேசாமல் தப்பித்துக்கொள்ள நல்ல வழி. நல்ல சமாரியன் உவமையில் சத்திரம் என்பது சபை, சத்திரக்காரன் பவுல் என்று பழங்காலச் சபைப் பிதாவான அகுஸ்தீன் பொருள் கண்டார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் யூலிகர் இத்தகைய வாசிப்பை வன்மையாக எதிர்த்து, ஒவ்வொரு உவமைக்கும் ஒரே மையக் கருத்து உண்டு என்று வாதிட்டார். அவர் சொன்ன அளவுக்குப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனாலும் சமாரியன் சத்திரக்காரனுக்குக் கொடுத்த இரண்டு பணத்துக்கு அர்த்தம் தேடுவதில் நேரம் போய்விட்டால், "நீயும் போய் அந்தப்படியே செய்" என்ற கட்டளை கேட்கப்படாமலே போகும்.

மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: ஒரு சகோதரரின் தனிப்பட்ட காரியம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்போது, அவரைக் குறிவைத்து உவமையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த அறையில் உள்ள மற்றவர்கள் அதைப் புரிந்துகொள்வார்கள். பிறகு யாரும் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார்கள். மேலும், ஆண்கள் கூட்டம் என்பதற்காக ஆண்கள் வருகிற உவமைகளை மட்டும் எடுக்க வேண்டாம். சோர்ந்துபோகாமல் நியாயம் கேட்ட விதவையும், காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடிய ஸ்திரீயும் நமக்கும் போதகர்களே.

கேள்வி கேட்டவர்:

மிகவும் நன்றி. மத்தேயு 20இல் தொடங்குகிறேன். ஆனால் கெட்ட குமாரன் உவமையைப் போன்ற மிகவும் பழக்கமான பகுதியை எடுத்தால் என்ன செய்வது என்பது இன்னும் தெளிவாகவில்லை.

மறுமொழி (வேதபாட ஆசிரியர்):

லூக்கா 15:25இலிருந்து, மூத்தவன் வயலிலிருந்து திரும்பி வருகிற இடத்திலிருந்து தொடங்குங்கள். இளையவன் வீடு திரும்புவதைப் பலரும் அறிவார்கள். மூத்தவன் கடைசியில் உள்ளே போனானா இல்லையா என்பதை லூக்கா எழுதவில்லை என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. தகப்பன் வெளியே வந்து வருந்தியழைத்த பிறகு அவன் என்ன செய்திருப்பான் என்று கேட்டு, ஒவ்வொருவரும் பதில் சொல்லும்வரை காத்திருங்கள். பகுதியை முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டாம். அறிவித்தால் சிலர் பிரசங்கக் குறிப்போடு வருவார்கள்.