தடைக்காலத்தில் கரைக்கு வந்த தீயணைப்பு வண்டி: உங்கள் ஊரில் நடந்ததையும் எழுதுங்கள்

பாம்பன் தீவு, வடகடல் கரையிலிருந்து:

தீயணைப்புத் துறையினர் ஊர் ஊராகப் போய்ச் செய்துகாட்டும் செயல்விளக்கம் உங்கள் ஊரில் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் இதைத் தொடங்குகிறேன். எங்கள் ஊர்க் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில், பஞ்சுப் பொதியும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் மட்டும் 60 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அவர்கள் நினைவாகத்தான் இந்த வாரம். வாரம் தொடங்கிய மறுநாள், ஏப்ரல் 15ஆம் தேதி, நம் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். ஜூன் 14 வரை 61 நாள் படகுகள் கரையில்தான்.

எங்கள் பக்கத்து நிலையத்தில் அப்போது இருந்த நிலைய அலுவலர் இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்த்தவர். வழக்கமாகப் பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடும் நிகழ்ச்சியை, “வீட்டு ஆம்பளைங்க கரையில இருக்கிற நேரம் இதுதானேம்மா” என்று எங்கள் மகளிர் குழுவிடம் கேட்டு, வலை கட்டும் கொட்டகைக்கு முன்னால் மணலிலேயே வைத்துக்கொண்டார். என்னைக் கேட்டால், அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததுதான். பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தால் எங்கள் தெருவிலிருந்து பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள்.

சிலிண்டர் தீயைத்தான் முதலில் காட்டினார்கள். அவர்களே கொண்டுவந்த சிலிண்டரின் வாயில் பற்றவைத்ததும் ஆள் உயரத்துக்குச் சுவாலை எழுந்தது. எல்லோரும் பின்னால் நகர்ந்தோம். முன்னணி தீயணைப்போர் ஒருவர் நனைத்த கோணிச்சாக்கை எடுத்து, அதன் மேல் விளிம்பை இரண்டு கைகளின் புறங்கை மறைகிற மாதிரி மடித்துப் பிடித்துக்கொண்டார். முகத்துக்கு முன்னால் திரையாக வைத்தபடியே நெருங்கி, தன் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகச் சாக்கைப் போர்த்தினார். தீ அமர்ந்தது. சாக்குக்கு அடியில் கைவிட்டு வால்வைத் திருகி மூடினார். அவ்வளவுதான்.

அப்புறம் அவர் கூட்டத்தைப் பார்த்து, “ஆத்தா, நீங்க வாங்க” என்று எங்கள் தெருவின் மூத்த பாட்டி ஒருவரைக் கூப்பிட்டார். பாட்டி போய் நின்றதும் முதலில் செய்தது, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அது முதுகில் படும்படி இடம் மாறியதுதான். அதை யாரும் சொல்லித்தரவில்லை. “இதைத்தான் நாங்க மற்ற ஊர்ல அரைமணி நேரம் சொல்றோம்” என்றார் அலுவலர். கடற்கரைக்காரர்களுக்குக் காற்றுப் பாடம் தேவையில்லை, பயம் போனால் போதும். பாட்டி இரண்டு தடவை அணைத்துக்காட்டினார். அதைப் பார்த்த பிறகு எங்களில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை.

எண்ணெய்ச் சட்டித் தீயும் காட்டினார்கள். நாங்கள் தினமும் மீன் பொரிக்கிறவர்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எரியும் எண்ணெயில், நீளக் கம்பின் நுனியில் கட்டிய குவளையால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்கள். தீ பனை மரத்துப் பாதி உயரத்துக்குப் போனது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் இறங்கிவிடும். இறங்கியதும் அந்தச் சூட்டில் நொடியில் ஆவியாகும். ஆவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் பிடிக்கும். அந்த வேகம்தான் எரிகிற எண்ணெயைத் தூக்கி வீசுகிறது. செய்ய வேண்டியது: அடுப்பை அணைப்பது, சட்டியை நகர்த்தாமல் தட்டோ மூடியோ போட்டு மூடுவது, ஆறும்வரை திறக்காமல் இருப்பது.

கேஸ் வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கி நிற்கும். அதனால் ஜன்னலோடு விட்டுவிடாமல் கதவையும் திறந்துவைக்க வேண்டும். ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து, கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906க்குப் பேச வேண்டும். எங்கள் வீட்டில் இந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறோம்.

உங்கள் ஊரில் என்ன காட்டினார்கள்?

மண்டபத்திலிருந்து, விசைப்படகு டிரைவர்:

அக்கா, தடைக்காலத்தைப் பிடித்துச் சொன்னது சரியான பேச்சு. ஆனால் தடைக்காலத்தில்தான் படகில் தீ அபாயம் கூடுதல், அதையும் நான் சொல்ல வேண்டும். கடலில் ஓடும்போது இல்லாத வேலையெல்லாம் கரையில் ஏற்றிய பிறகுதான் நடக்கும். ஒரு பக்கம் வெல்டிங், இன்னொரு பக்கம் பெயின்டும் தின்னரும், பக்கத்துப் படகில் பைபர் ஒட்டும் வேலை. எல்லாம் நெருக்கமாக நிற்கும் படகுகளில். வெல்டிங் பொறி வலைக்குவியலில் விழுந்தால் உடனே தெரியாது. நைலான் உள்ளுக்குள் உருகிக் கனிந்துகொண்டே இருந்து, ஆட்கள் சாப்பிடப் போன பிறகு பற்றும். நான் பார்த்த ஒரு தீ அப்படித்தான். படகு தப்பவில்லை. ஆள் யாரும் உள்ளே இல்லாதது கடவுள் புண்ணியம்.

எங்கள் பக்கம் வந்த தீயணைப்போர் படகுப் பட்டறைக்கே வந்து பேசினார்கள். அவர்கள் சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்டது ரெசின் விஷயம். பைபர் ஒட்டும் பிசின்தான் ரெசின். அது இறுகுவதற்காக அதில் கோபால்ட்டும் கலக்கிறோம், கேட்டலிஸ்ட்டும் கலக்கிறோம். இந்த இரண்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது. சேர்த்தால் வெடிக்கவே செய்யும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றது. இரண்டு புட்டியையும் ஒரே பெட்டியில் வைப்பதே தப்பு. பைபர் ஒட்டும் பையன்கள் எல்லாம் சின்ன வயசு. இதை அவர்களுக்கு யாரும் காரணத்தோடு சொன்னதில்லை. மிச்ச ரெசின் வாளியில் மொத்தமாக இறுகும்போது கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும், புகையும் வரும். அதை மரத்தூள், துணிக்குப்பை மேல் கொட்டிவிட்டுப் போகக் கூடாது என்பதும் அன்றுதான் எல்லோருக்கும் புரிந்தது.

தீயணைப்பான் உருளை எல்லாப் படகிலும் தொங்குகிறது, சரி. அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்க்கிறவர் எத்தனை பேர்? உப்புக் காற்றில் அடிப்பாகம் துருப்பிடித்திருக்கும். எஞ்சின் அதிர்விலும் ஈரத்திலும் உள்ளே பவுடர் கட்டியாகிவிடும், அடிக்கடி தலைகீழாகக் கவிழ்த்துத் தட்ட வேண்டும். ஊசியை உருவு, தீயின் அடியைக் குறிவை, பிடியை அழுத்து, இடம் வலமாக வீசு. பழைய உருளை ஒன்றை என் கையிலேயே கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். சில நொடிகளில் காலியாகிவிடுகிறது. அதைக் கையால் உணர்ந்த பிறகு சுவாலையின் உச்சியைப் பார்த்து யாரும் வீணாக அடிக்க மாட்டார்கள்.

கடலில் 101க்குப் பேசிப் பயனில்லை. கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. கரையில் இருக்கிற வீட்டுக்காரர்களும் இந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சாயல்குடிப் பக்கம், பனைத்தொழில் வீட்டுக்காரர்:

எங்களுக்குக் கடலும் உண்டு, பனையும் உண்டு. பதநீர்ப் பருவத்தில், கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியில்தான் நாள் முழுக்க. சுற்றிலும் ஓலை, மேலே ஓலை, அடுப்பில் எரிவதும் ஓலையும் கருவேல விறகும். அம்மாவும் சித்தியும் பாகு கிண்டிக்கொண்டிருக்கும்போது தீயணைப்புக்காரர்கள் அங்கேயே வந்தார்கள். “இப்படிக் கட்டக் கூடாது” என்று அவர்கள் ஆரம்பிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. காய்ச்சுவதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள். கருப்பட்டி விலை கேட்டார்கள். பிறகுதான் சொன்னார்கள்: காய்ந்த ஓலைக்குவியலை அடுப்பிலிருந்து தள்ளி, காற்று வரும் பக்கம் வைங்க, அன்றைக்கு எரிக்கிற அளவு மட்டும் உள்ளே இருக்கட்டும், வேலை முடிந்ததும் கங்கில் தண்ணீர் தெளித்து, கிளறி, மறுபடி தெளித்து விட்டுப் போங்க.

கச்சான் காற்று பிடித்துவிட்டால், எல்லாம் பற்றிக்கொள்ள இரவில் ஒரு கங்கு போதும்.

பாகு மேலே தெறித்தால் ஒட்டிக்கொண்டு சுடும். எங்கள் வீட்டில் முன்பு மாவு தடவுவார்கள், சிலர் பேனா மை, பற்பசை. இதெல்லாம் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், டாக்டருக்குப் புண்ணைச் சுத்தம் செய்வதும் கஷ்டம் என்றார்கள். ஓடுகிற தண்ணீரில், அல்லது விட்டுவிட்டு ஊற்றி, 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்தில் இப்போது நல்ல தண்ணீர்க் குடம் ஒன்று இதற்காகவே இருக்கிறது. தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் அதற்கென்று ஒரு குடம் ஒதுக்குவது எவ்வளவு பெரிது என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும்.

அவர்கள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: சீமைக்கருவேலம் மூடிக்கிடந்த வண்டிப்பாதையை வெட்டி அகலப்படுத்தித் தாருங்கள், இல்லாவிட்டால் எங்கள் வண்டி உள்ளே வராது என்றார்கள். கரிமூட்டக்காரர்களும் நாங்களும் சேர்ந்து வெட்டினோம். அது மறுபடியும் வளர்ந்துகொண்டேதான் இருக்கும், வருடா வருடம் வெட்டத்தான் வேண்டும்.

தேவிபட்டினத்திலிருந்து, ஆசிரியை:

பள்ளிக்கூடத்தில் நடத்துவதைப் பாம்பன் சகோதரி குறைவாகச் சொல்லிவிட வேண்டாம். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் போன பிறகுதான் பள்ளிகளில் ஓலைக்கூரையை எடுத்தார்கள். இன்றைக்கு என் வகுப்பிலிருக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் செய்தியே தெரியாது. ‘நில், படு, உருள்’ என்று அவர்கள் தரையில் உருண்டு பழகும்போது சிரிப்பார்கள். சிரித்தபடியே கற்கட்டும். வீட்டுக்குப் போய்த் தம்பி தங்கைக்கும் காட்டுகிறார்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடுவதுதான் மனித இயல்பு. ஓடினால் தீ வளரும். உடம்பே பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் நிற்க முடியும்.

ஏர்வாடியிலிருந்து:

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை எங்கள் ஊரில் நடந்தது நாட்டுக்கே தெரியும். மனநலம் குன்றியவர்களைக் காப்பகம் என்ற பெயரில் ஓலைக் கொட்டகையில் சங்கிலியால் பூட்டி வைத்திருந்தார்கள். தீப்பிடித்தபோது அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது. அப்படிப்பட்ட காப்பகங்களை மூடினார்கள். நான் அப்போது சின்னப் பையன். உம்மா எங்களை அந்தப் பக்கம் விடவில்லை. அன்றைக்குத் தெருவே எப்படி அழுதது என்பது மட்டும் நினைவில் இருக்கிறது.

அதனால் எங்கள் தெருவுக்கு வந்த தீயணைப்பு அலுவலர் கேட்ட முதல் கேள்வி எனக்குள் ஆழமாக இறங்கியது. சிலிண்டரைப் பற்றிக் கேட்கவில்லை, அடுப்பைப் பற்றியும் கேட்கவில்லை. “ராத்திரி பூட்டின பிறகு சாவி எங்கே இருக்கும்?” என்று கேட்டார்.

எங்கள் பக்கம், கீழக்கரையிலும்தான், ஆண்கள் பலர் வெளிநாட்டில். வீட்டில் பெண்களும் வயதானவர்களும் பிள்ளைகளும். திருட்டுப் பயத்தில் முன்வாசலில் இரும்புக் கம்பிக் கதவு, அதற்குள் மரக்கதவு, பின்கட்டிலும் பூட்டு, எல்லா ஜன்னலிலும் கம்பி. சாவி பீரோவுக்குள், இல்லையென்றால் உம்மாவின் தலையணைக்கு அடியில். மின்சாரம் போய், புகை நிறைந்த அறையில் அந்தச் சாவியைத் தேடிப் பாருங்கள் என்றார் அவர். ஒரு வீட்டில் விளக்கை அணைத்து, பிள்ளைகளின் கண்ணைத் துணியால் கட்டி, தரையோடு தவழ்ந்து கதவைத் திறக்கச் சொன்னார். புகை மேலே நிற்கும், மூச்சுக்காற்று கீழே இருக்கும், அதனால் தவழ்வது. பெரியவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சாவி கிடைத்தும் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே பல வீடுகளில் கதவுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கைநீட்டினால் எட்டாத இடத்தில், ஆணி அடித்துச் சாவியை மாட்டினோம். படுக்கையிலேயே கிடக்கும் பெரியவர்கள் இருக்கிற வீடுகளைக் குறித்துக்கொண்டு போனார்கள். அவர்களை வாசலை ஒட்டிய அறைக்கு மாற்றச் சொன்னார்கள். எங்கள் வாப்பாவின் கட்டிலும் அப்படித்தான் முன்னறைக்கு வந்தது.

பாம்பன் தீவு, வடகடல் கரையிலிருந்து:

ஏர்வாடித் தம்பி, எழுதியதற்கு நன்றி. சாவி விஷயத்தை இந்த வாரமே குழுக் கூட்டத்தில் பேசப்போகிறேன். டீச்சர், உங்கள் பேச்சையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு இடத்திலும் நடக்கட்டும்.

தனியாக ஒருவர் கேட்டிருந்தார்: சுற்றிலும் கடல், பிறகு ஏன் தண்ணீருக்குப் பயப்பட வேண்டும் என்று. நானும் அதை அலுவலரிடம் கேட்டேன். வண்டியில் வரும் தண்ணீர் பொதுவாக 4,500 லிட்டர் அளவு, முழு வேகத்தில் பீய்ச்சினால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். வேறு வழி இல்லாதபோது கடல்நீரை எடுப்பார்கள். ஆனால் உப்பு பம்பை அரித்துவிடும், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் அலச வேண்டும். பெரிய தீ என்றால் அடுத்த நிலையத்து வண்டி பாலம் தாண்டித்தான் தீவுக்குள் வர வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பது சாக்கும் மணலும் குடமும்தான். அதனால் 101க்குப் பேசும்போது என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா, எந்தப் பாதையில் வண்டி வர முடியும் என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லுங்கள். ஒரு ஆளை முச்சந்தியில் நிறுத்திவிடுங்கள்.

செயல்விளக்கத்துக்கு எப்படிக் கூப்பிடுவது என்றும் கேட்டிருந்தார்கள். நாங்கள் குழுவின் பெயரில் ஒரு தாளில் எழுதி, நிலையத்துக்கு நேரில் போய்க் கொடுத்தோம். தேதி அவர்கள் சொன்னார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஊருணியில் வெள்ள ஒத்திகையும் நடத்துகிறார்கள். காலிக் குடம், மூடிய பிளாஸ்டிக் கேன், லாரி டியூப் இவற்றைக் கட்டி மிதந்து காட்டுகிறார்கள். அதற்கும் இப்போதே கேட்டு வைத்திருக்கிறோம். தொண்டி, மூக்கையூர், வாலிநோக்கம் பக்கத்திலிருந்து இன்னும் யாரும் எழுதவில்லை. உங்கள் கரைக்கு வந்தார்களா?