அக்னாலெட்ஜ்: 'ஒப்புகை' வேண்டாம், 'கையேற்பு' என்று வைப்போம்

அனைவருக்கும் வணக்கம்.

சர்வர்களில் கோளாறு வந்தால் எச்சரிக்கை அனுப்பும் கண்காணிப்புக் கருவிகளுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில் அக்னாலெட்ஜ் (acknowledge) என்பதற்கு 'ஒப்புகை' என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஒப்புகை நல்ல சொல். அனுப்பியது வந்து சேர்ந்தது என்பதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை. கணினிகள் இணையத்தில் தரவு அனுப்பிக்கொள்ளும் டிசிபி நெறிமுறையில், தரவு வந்துவிட்டது என்று மறுமுனை திருப்பிச் சொல்கிறதே, அங்கே அது கச்சிதமாக உட்காரும். எச்சரிக்கை மணி அடிக்கும்போது நாம் அழுத்தும் பொத்தான் வேறு வேலை செய்கிறது. நாகியோஸ் என்ற கண்காணிப்புக் கருவியில் ஒருவர் அதை அழுத்தினால் அந்தக் கோளாறு பற்றித் திரும்பத் திரும்ப வரும் அறிவிப்புகள் நின்றுபோகும். எச்சரிக்கை வந்ததும் பணியில் இருப்பவரை அழைக்கும் பேஜர்டியூட்டியில் அடுத்த ஆளுக்குப் போகவிருந்த அழைப்பு நின்றுபோகும். அழுத்தியவர் வேலையை எடுத்துக்கொண்டார் என்று நம்பித்தான் கருவி மற்றவர்களைத் தூங்க விடுகிறது.

இந்த வேறுபாடு எனக்குப் பட்டுத் தெரிந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில் உள்பயன்பாட்டுக் கருவி ஒன்றின் திரையை நாங்களே தமிழாக்கினோம். பொத்தானுக்கு 'ஒப்புகை' என்று பெயர் வைத்தவனும் நான்தான். ஓர் இரவு இரண்டரை மணிக்குத் தரவுத்தளச் சர்வரில் வட்டு 95 விழுக்காடு நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்தது. முறைப்பணியில், அதாவது எச்சரிக்கை வந்தால் எழுந்து பார்க்க வேண்டிய முறையில், இருந்த புதியவர் தூக்கக் கலக்கத்தில் பொத்தானை அழுத்தினார். செய்தி வந்தது, பார்த்தாயிற்று என்பதற்கான பொத்தான் என்றுதான் அவர் நினைத்திருந்தார். இன்னும் பெரிதானால் மறுபடி மணி அடிக்கும், அப்போது எழுந்துகொள்ளலாம் என்று படுத்துவிட்டார். மணி அடிக்கவில்லை. அடுத்த நிலையில் இருந்த எனக்கும் அழைப்பு வரவில்லை. வட்டு நிரம்பி, தரவுத்தளம் எழுத மறுத்து, பயனர்கள் புகார் சொன்ன பிறகுதான் நாங்கள் எழுந்தோம். அவர்மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. பொத்தானில் என்ன எழுதியிருந்ததோ அதைத்தான் அவர் செய்தார்.

அதனால் என் முன்வைப்பு: கையேற்பு. வினையாக கையேற்றல். 'இந்த எச்சரிக்கையைக் கையேற்றவர் யார்?', 'இரண்டரைக்குக் கையேற்றேன்' என்று தடையில்லாமல் வாக்கியத்தில் வரும். இதற்கு இணையாக கையளிப்பு இருக்கிறது. இலங்கைத் தமிழில் அது அன்றாடச் சொல், செய்தியிலும் பேச்சிலும் ஓடுகிறது. முறைப்பணி மாறும்போது பாதியில் நிற்கும் கோளாறுகளை அடுத்தவரிடம் விடுகிறோமே, அதற்குக் கையளிப்பு என்றால் இரண்டு சொல்லும் ஒரே வேரில் நிற்கும். ஒருவர் கையளிக்க, இன்னொருவர் கையேற்கிறார்.

மற்றப் பரிந்துரைகளில் 'அங்கீகாரம்' ஒப்புதல் வழங்குவது போல ஒலிக்கிறது. 'ஒப்புக்கொள்' என்றால் தவற்றை ஒப்புக்கொள்வதாகிவிடும், அதை யாரும் அழுத்தத் தயங்குவார்கள். பொத்தானில் நேரடியாக 'நான் பார்க்கிறேன்' என்று போடலாமே என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் 'சரி, பார்க்கிறேன்' என்று நாம் எப்போதெல்லாம் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பாதி நேரம் அது செய்ய மாட்டேன் என்பதன் மரியாதை வடிவம்.

புரோமீதியஸ் என்ற கண்காணிப்புக் கருவியோடு வரும், எச்சரிக்கைகளை அனுப்பும் அலர்ட்மேனேஜரில் அக்னாலெட்ஜ் கிடையாது, அறிவிப்புகளைக் கொஞ்ச நேரம் அடக்கும் சைலன்ஸ் மட்டும்தான் உண்டு. அதில் அமைத்தவர் பெயர், குறிப்பு, முடியும் நேரம் எல்லாம் இருக்கும். இருந்தாலும் மணியை அடக்குவது ஒன்று, வேலையை ஏற்பது இன்னொன்று. ஆகவே அதற்குக் கையேற்பு என்று போடக் கூடாது. 'ஒலியடக்கம்' போதும்.

இதே பட்டியலில் ரிசால்வ்டு (resolved) என்பதற்கு 'தீர்வு' என்றிருப்பதையும் மாற்றச் சொல்வேன். தமிழில் தீர்ந்தது, தீர்த்தோம் என்று இரண்டு வினை இருக்கும்போது ஏன் பெயர்ச்சொல்லுக்குள் ஒளிய வேண்டும்? அளவு தானாகக் குறைந்து கருவி எச்சரிக்கையை மூடினால் 'தீர்ந்தது'. ஆள் போய்ச் சரிசெய்தால் 'தீர்த்தோம்'. மறுநாள் காலை பதிவைப் படிப்பவருக்கு இந்த ஒரு சொல்லே பாதிக் கதையைச் சொல்லிவிடும். தானாகத் தீர்ந்தது என்றால் காரணம் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று தோண்டிப் பார்ப்பார்.

சேவை ஓடுகிறதா இல்லையா என்று காட்டும் நிலைப்பக்கத்தில் பயனர்களுக்கு எழுதும் நான்கு நிலைகளுக்கும் இதே வழிதான்: ஆராய்கிறோம், காரணம் தெரிந்தது, கவனித்து வருகிறோம், சரியாகிவிட்டது. 'உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது' என்ற வாக்கியத்தை மாதிரி வார்ப்புகளிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். யார் மேற்கொள்கிறார்? '-ஓம்' என்ற விகுதியே நாங்கள் இருக்கிறோம் என்று பயனருக்குச் சொல்லிவிடும்.

நிலைப்பக்கத்தில் பச்சை, சிவப்பு இருக்கும்போது சொல்லுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று ஒரு மடலில் கேட்டிருந்தார்கள். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற தரவுச் சேமிப்புச் சேவை விழுந்தபோது, அதன் நிலைப்பக்கத்தை மாற்றும் கருவியே எஸ்3-ஐ நம்பி இருந்தது. சேவைகளின் நிலையை மாற்ற முடியாமல், பக்கத்தின் மேலே ஒரு வரியும் ட்விட்டரில் செய்தியுமாகத்தான் அவர்கள் நிலவரத்தைச் சொன்னார்கள். நிறம் மாறாத அந்த நேரத்தில் பயனருக்குக் கிடைத்தது அந்தச் சில வாக்கியங்கள்தான்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கையேற்றவர் குறித்த நேரத்துக்குள் முடிக்காவிட்டால் எச்சரிக்கையைத் திரும்ப எழுப்பும் வசதி சில கருவிகளில் உண்டு. 'கையேற்புக் காலாவதி' என்று எழுதிப் பார்த்தேன், நீளமாகத் தெரிகிறது. கையேற்றவரே முடியாது என்று திருப்பி விடுவதற்கு 'கைவிடு' என்றால் பொருள் கெட்டுவிடும். இந்த இரண்டுக்கும் சொல் தோன்றுகிறவர்கள், அதை வைத்து ஒரு முழு வாக்கியமும் எழுதி அனுப்புங்கள்.