மேரி கோம் ஏற்றிய மூன்று கிலோ

கோட்டையூரான்:
குத்துச்சண்டையில் மேல் எடைப் பிரிவுக்குப் போவது ஒன்றும் பெரிய விஷயமில்லையாம். மேரி கோம் ஏற்றிய மூன்று கிலோ நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் இரண்டு நாள் உட்கார்ந்தால் ஏறிவிடுமாம். இங்கே ஒருவர் நேற்று எழுதியிருக்கிறார். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. 2012 லண்டனில்தான் பெண்கள் குத்துச்சண்டையே ஒலிம்பிக்கிற்கு வந்தது. 51, 60, 75 கிலோ என்று மூன்றே பிரிவு. 48 கிலோ உலக சாம்பியனுக்கு அங்கே இடமே கிடையாது. 51-க்கு ஏறிப் போய் வெண்கலம் வாங்கினார். அது பந்தியில் ஏறிய எடையா?

பள்ளத்தூர் பையன்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். மூன்று கிலோ மூன்று கிலோதான். 2003-இல் அமெரிக்கத் தொழில்முறை வீரர் ராய் ஜோன்ஸ், உச்ச எடைப் பிரிவான ஹெவிவெயிட்டில் ஜான் ரூயிஸுடன் மோதியபோது ஜோன்ஸ் 193 பவுண்டு, ரூயிஸ் 226. பதினைந்து கிலோ வித்தியாசம். பட்டத்தையும் பறித்தார். ஏறுவது என்றால் அது.

கோட்டையூரான்:
பாதிக் கதை சொல்லாதீர்கள். ஜோன்ஸ் பழையபடி 175 பவுண்டுப் பிரிவுக்கு இறங்கினார், 2004 மே மாதம் டார்வர் என்ற வீரர் அவரை இரண்டாவது சுற்றிலேயே சாய்த்துவிட்டார். சரி, மூன்று கிலோவுக்கு வருவோம். 48 கிலோ உடம்பில் அது பதினாறில் ஒரு பங்கு. 80 கிலோ ஆள் ஐந்து கிலோ ஏற்றுவதற்குச் சமம். கொழுப்பாக ஏறினால் கால் நகராது. தசையாக ஏற வேண்டும், வேகமும் குறையக் கூடாது. எதிரே நிற்பவர்களோ 54, 55 கிலோ உடம்பைத் தண்ணீர் வற்ற இறக்கி 51 காட்டுபவர்கள்.

கானாடுகாத்தான்:
அந்தக் கணக்கு தொழில்முறைச் சண்டைக்கு. அங்கே முந்தின நாளே எடை பார்ப்பார்கள், இரவில் தண்ணீர் குடித்து ஏற்றிக்கொள்ளலாம். ஒலிம்பிக்கில் மோதுகிற நாள் காலையில்தான் எடை.

கோட்டையூரான்:
எப்போது எடை பார்த்தார்கள் என்பதா இங்கே பேச்சு? மூன்று கிலோவைச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் பையன்:
நம் குத்துச்சண்டை வீராங்கனை லவ்லினா 69 கிலோவிலிருந்து 75-க்குப் போய் 2023-இல் டெல்லியில் உலக சாம்பியன் ஆனார். ஆறு கிலோ அண்ணே. யாராவது இப்படிக் கண்ணீர் விட்டார்களா?

தேவகோட்டை ரஸ்தா:
தம்பி, சிராவயல் மஞ்சுவிரட்டுப் பேச்சிலும் நீ இதையேதான் செய்தாய். பொட்டலில் இறங்காமல் மாடு பிடித்தவனைக் குறை சொன்னாய்.

பள்ளத்தூர் பையன்:
பொங்கலுக்குக்கூடச் சிங்கப்பூரிலிருந்து வராதவர் சிராவயலைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம்.

தேவகோட்டை ரஸ்தா:
நான் வருவதும் வராததும் என் குடும்ப விஷயம். அதை இழுத்தால் நானும் பழையதையெல்லாம் எடுப்பேன்.

கானாடுகாத்தான்:
2018-இல் மேரி கோம் 48-இல்தான் ஆறாவது உலகப் பட்டம் வாங்கினார். 51 அவருக்கு ஏற்ற பிரிவு இல்லை என்பது அதிலேயே தெரிகிறது.

கோட்டையூரான்:
அதைத்தானே தொண்டை வற்றக் கத்துகிறேன்! ஒத்துவராத பிரிவில் போய் நின்று பதக்கம் வாங்கியிருக்கிறார். மூன்று கிலோ சும்மா என்றால் அவர் ஏன் 48-க்குத் திரும்ப வேண்டும்?

பள்ளத்தூர் பையன்:
அரையிறுதியில் நிக்கோலா ஆடம்ஸிடம் 11-6 என்று தோற்றதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

கோட்டையூரான்:
காலிறுதியில் துனீசியாவின் ரஹாலியை 15-6 என்று அடித்ததை நீங்கள் விட்டீர்களே! அதைப் பார்த்துவிட்டு வந்து மூன்று கிலோவைப் பற்றிப் பேசுங்கள்.

பள்ளத்தூர் பையன்:
பார்த்தாயிற்று. எழுதியதில் ஓர் எழுத்துகூட மாற்ற மாட்டேன்.