இடுப்பு விழுந்த கிடை நாயைத் தேற்றுவது: கடலோரத்து அனுபவங்கள்

தேவிபட்டினம் பக்கம், கிடை ஆடு வைத்திருப்பவர்:

கிடை, அதாவது ஊர் ஊராக ஓட்டிப்போய் அடைக்கிற ஆட்டு மந்தை, கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டும் நேரத்தில்தான் காவல் நாய் அதிகம் அடிபடுகிறது. ஆட்டையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கடைசியாக வருவது அதுதானே. ரத்தம்கூட இருக்காது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி எழப் பார்க்கும், பின்பக்கம் சேர்ந்து எழாது. சில நாய்க்கு முன்னங்கால் இரண்டும் கட்டை மாதிரி விறைத்து நிற்கும். கழுத்தில் அடி என்று பயப்படுவார்கள். அடி பெரும்பாலும் நடுமுதுகில்தான் இருக்கும்.

அந்த இடத்தில் எல்லோரும் செய்கிற தப்பு, அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது. முதுகெலும்பு விலகியிருந்தால் அந்த ஒரு தூக்கலில் தண்டுவடம் இன்னும் நசுங்கும். பலகை தேடுங்கள். வத்தைப் (படகு) பலகை, கதவுப் பலகை, ஐஸ் பெட்டியின் கெட்டி மூடி, எது கிடைத்தாலும் சரி. நாயின் முதுகை ஒட்டிப் பலகையை வைத்து, ஒருவர் தோள்பட்டைத் தோலையும் இன்னொருவர் இடுப்புத் தோலையும் பிடித்து, ஒரே நேரத்தில் வழுக்கிக்கொண்டு ஏற்றவேண்டும். தோளில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு துண்டு என்று பலகையோடு சேர்த்துக் கட்டுங்கள். வயிற்றில் கட்டவேண்டாம்.

வளர்த்த கையையே வலியில் கடிக்கும். அதன்மேல் குற்றம் இல்லை. பருத்தித் துணிக் கீற்றை மூக்குத்தண்டில் ஒரு சுற்று சுற்றி, தாடைக்கு அடியில் குறுக்காக்கி, காதுக்குப் பின்னால் கட்டுங்கள். மூச்சு இரைத்தாலோ வாந்தி எடுத்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள்.

ஏற்றியதும் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் உள்ளே ரத்தம் போகிறது. அப்போது முதுகு இரண்டாவது, உயிர்தான் முதல். 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை ஊர்தி வரும். அழைக்கும்போதே "பின்பக்கம் வரவில்லை, பலகையில் கட்டியிருக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள்.

ராமநாதபுரம், கால்நடை மருத்துவமனைப் பணியில் இருப்பவர்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அடிபட்டதை யாரும் பார்க்கவில்லை, காலையில் எழுந்து பார்த்தால் நாய் பின்னங்காலை இழுக்கிறது என்றால் முதலில் நினைக்கவேண்டியது வெறிநோயை. எல்லா வெறிநாயும் ஓடிக் கடிப்பதில்லை. ஊமை வெறி என்று ஒன்று உண்டு. தாடை தொங்கும், எச்சில் வழியும், தண்ணீர் இறங்காது, கால் வராது. தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விட்டுவிடுவார்கள். தயவுசெய்து விடவேண்டாம். எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அடிதான் என்று உறுதியான நாய்க்கு, தேறுமா தேறாதா என்பதை அதிகம் சொல்வது ஒரே சோதனை: ஆழ்ந்த வலி தெரிகிறதா. மருத்துவர் கிடுக்கியால் பின்னங்கால் விரல் எலும்பை அழுத்துவார். கால் வெடுக்கென்று உள்ளே போகும். வீட்டுக்காரர் "உணர்ச்சி இருக்கு" என்று சந்தோஷப்படுவார். அது உணர்ச்சி இல்லை. காலிலிருந்து தண்டுவடத்துக்குப் போய் அங்கேயே திரும்பி வருகிற அனிச்சைச் செயல் அது, மூளைக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. நாய் தலையைத் திருப்பவேண்டும், முனகவேண்டும், கடிக்க வரவேண்டும், குறைந்தது உதட்டையாவது நக்கவேண்டும். காலைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள்.

முகத்தில் தெரிந்தால் நம்பிக்கை வைத்து உழைக்கலாம். எலும்பு முறிந்தோ விலகியோ இருந்து முகத்தில் எதுவுமே தெரியவில்லை என்றால், திரும்ப நடப்பது மிக அரிது. அதை மருத்துவர் நேராகச் சொன்னால் கோபப்படவேண்டாம். படம் எடுத்து அறுவை வேண்டும் என்றால் நம் பக்கத்துக்கு ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போகும்போதும் அதே பலகைதான்.

மருந்து விஷயம். வீட்டில் இருக்கிற டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. குடல் புண்ணாகும், சிறுநீரகம் போகும். நாய்க்கு வழக்கமாக எழுதுவது மெலாக்சிகம். முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அடுத்த நாளிலிருந்து 0.1. அதாவது 20 கிலோ நாய்க்குத் தினம் 2 மில்லிகிராம்தான். மனிதருக்கான மாத்திரை 7.5, 15 மில்லிகிராமில் வருகிறது, கண்ணளவில் உடைத்துப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஸ்டீராய்டு ஊசி ஏற்கெனவே போட்டிருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் வயிறு ஓட்டை விழும். மலம் தார் மாதிரி கறுத்தால் மருந்தை நிறுத்திவிட்டு ஓடிவாருங்கள்.

கீழக்கரை, அடிபட்ட நாய்களைப் பராமரிப்பவர்:

முதுகு அடியில் பிழைத்த நாய் பிறகு சாவது பெரும்பாலும் மூத்திரப்பையால்தான். எல்லோரும் காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "மூத்திரம் போகுது, படுக்கை நனைஞ்சிருக்கு" என்பார்கள். போகவில்லை, வழிகிறது. குடம் நிரம்பி வழிகிற மாதிரி. உள்ளே மிச்சம் இருப்பது அழுகி, காய்ச்சல் வந்து, சிறுநீரகத்துக்கு ஏறிவிடும்.

ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை நாம்தான் பிதுக்கி எடுக்கவேண்டும். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, படுக்கப் போகுமுன் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் தப்பாது. நாயை வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பின்தொடைக்கு முன்னால், வயிற்றின் இரு பக்கமும் உள்ளங்கையை விரித்து வையுங்கள். விரல் நுனியால் குத்தக்கூடாது. மெல்ல உள்ளே கொண்டுபோனால் தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி ஒன்று கைக்கு அகப்படும். நிரம்பியிருந்தால் சாத்துக்குடி அளவுக்கு, சில நேரம் இளநீர் அளவுக்குக்கூட இருக்கும். அதை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து, வால் பக்கமாகச் சாய்த்து, ஒரே சீராக அழுத்துங்கள். அழுத்தி அழுத்தி விடக்கூடாது. பத்துப் பதினைந்து நொடி எதுவும் வராது, பிறகு சட்டென்று தாரை திறக்கும். திறந்ததும் கையைத் தளர்த்தாமல் அப்படியே கடைசிச் சொட்டு வரைக்கும் பிடியுங்கள். முடிந்தபோது எலுமிச்சைக்கும் சின்னதாகச் சுருங்கியிருக்கவேண்டும்.

கல் மாதிரி எதிர்த்து நின்றால் பலம் காட்டாதீர்கள், பை கிழிந்துவிடும். அடி நடுமுதுகில் இருக்கும் நாய்க்கு மூத்திர வாய் இறுகிக்கொள்ளும், அதைத் தளர்த்த மருந்து இருக்கிறது. மருத்துவர் குழாய் போட்டும் எடுப்பார். முதல் தடவை அவர் எதிரில் உங்கள் கையாலேயே செய்து பழகிவிட்டு வாருங்கள். நாற்றம், கலங்கல், ரத்தம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே சொல்லவேண்டும்.

படுக்கைக்கு நம் ஊரில் நல்ல வழி இருக்கிறது. நான்கு அடிக்கு மூன்றடி மரச்சட்டம், ஒரு சாண் உயரக் கால், அதில் பழைய நைலான் வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி, மேலே சாக்கு, அதன்மேல் நைந்த கைலி. மூத்திரம் கீழே இறங்கிவிடும், காற்று அடியிலும் போகும். வலை மட்டும் போட்டால் முடிச்செல்லாம் தோலில் பதிந்து புண்ணாகும். தொய்ந்தால் முதுகும் வளையும், ஆகவே வாரம் ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் போடவேண்டும். மாற்றும்போது தோளும் இடுப்பும் ஒன்றாகப் புரளவேண்டும். இடுப்பு எலும்பு முட்டும் இடத்தில் தோல் சிவந்திருந்தால் அது புண்ணின் முதல் நாள். அந்தப் பக்கம் இரண்டு நாள் படுக்கவிடாதீர்கள்.

கருவாடு போடாதீர்கள் அக்காமாரே, உப்பு. அவித்து முள் எடுத்த சாளையும் சோறும் போதும். அளவையும் குறையுங்கள், ஓடாத நாய்க்கு ஓடுகிற நாயின் சோறு வேண்டாம். எடை ஏறினால் அதைச் சுமப்பது அதே முதுகுதான்.

தொண்டியிலிருந்து ஒரு கேள்வி:

எத்தனை நாள் அடைத்து வைக்கணும்? பத்து நாளில் வாலை ஆட்டுது, வெளியே விடச் சொல்லி ஊளையிடுது.

ராமநாதபுரம்:

தம்பி, உங்களைப் பார்த்து, பேரைக் கேட்டு ஆட்டுகிறதா? அப்படியென்றால் ரொம்ப நல்ல செய்தி, மூளையிலிருந்து வால்வரைக்கும் வழி திறந்திருக்கிறது. குளிப்பாட்டும்போது மட்டும் ஆடினால் அது அனிச்சை. ஆனால் விடாதீர்கள். வலி குறைந்த நாள்தான் ஆபத்தான நாள். எலும்பு கூடியிருக்காது, நாய்க்கு அது தெரியாது. முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் சவ்வு பிதுங்கிய நாய்க்கு நான்கிலிருந்து ஆறு வாரம், எலும்பு முறிந்ததற்கு ஆறிலிருந்து எட்டு வாரம் அடைப்பு. நின்று திரும்புகிற அளவு இடம் போதும், குதிக்க இடம் இருக்கக்கூடாது. ஆட்டுச் சத்தம் கேட்காத இடமாக வையுங்கள். கிடை பக்கத்தில் கட்டினால் நரி வாடை வந்ததும் எழுந்து பாயப் பார்க்கும்.

மருத்துவர் அனுமதித்த பிறகு, பெரும்பாலும் இரண்டாவது வாரத்திலிருந்து, படுக்கையிலேயே கால் பயிற்சி. விரலிலிருந்து மேலே போங்கள்: விரல், கணுக்கால், முழங்கால், இடுப்பு. ஒவ்வொரு மூட்டையும் பத்திலிருந்து பதினைந்து தடவை மெல்ல மடக்கி நீட்டி, தினம் மூன்று வேளை. வலித்தால் அந்த இடத்தோடு நிறுத்துங்கள்.

பாம்பன், கடல் தொழில் செய்பவர்:

அடைப்புக் காலம் முடிந்து, துண்டைத் தொட்டிலாக வயிற்றடியில் கொடுத்துத் தூக்கி நிறுத்தினால் இரண்டு நிமிடமாவது நிற்கிறது, தோலில் புண் எதுவும் இல்லை என்றால், இனி கடல்தான் மருந்து. பெண் கடல் பக்கம் போங்கள். வடக்கே பாக் விரிகுடாக் கரைதான் அது, ஆழமில்லாதது, அலை அடங்கியது. தெற்கே மன்னார் வளைகுடா, அந்த ஆண் கடலில் அலை நாயைப் புரட்டிவிடும். வாடைக் காலத்தில் இது மாறிவிடும், அப்போது வடகரை கலங்கிக் கிடக்கும், அந்த மாதங்களில் இறக்கவேண்டாம்.

தண்ணீர் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதில்தான் கணக்கு இருக்கிறது. பின்னங்கால் கணுவரை தண்ணீர் இருந்தால் உடம்பு எடையில் 91 சதவீதம் காலில்தான் விழும். முழங்கால்வரை என்றால் 85. இடுப்பு மூட்டுவரை இறக்கினால் 38-க்கு வந்துவிடும். அதனால் கரையோரத்தில் நனைப்பதால் பயன் இல்லை. இடுப்பளவில் நிறுத்தி, துண்டைப் பிடித்தபடி கரைக்கு இணையாக நடத்துங்கள். முதல் வாரம் மூன்று நிமிடம் போதும். பின்பாதம் மடங்கி மேல்பக்கம் மண்ணில் பட்டால் கையால் நிமிர்த்தி வையுங்கள். நடை மறந்த காலுக்கு ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

இறங்குமுன் நீங்கள் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து பாருங்கள், மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும். சொறி (ஜெல்லி மீன்) மிதக்கும் நாளில் வேண்டாம். கடல்தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், வயிற்றுப்போக்கு வந்துவிடும். போகுமுன் நல்ல தண்ணீர் காட்டிவிடுங்கள். முடிந்ததும் குடத்து நீரால் அலசி, தொடையிடுக்கு வரைக்கும் துடைக்கவேண்டும். உப்பு காய்ந்தால் சொறிந்து புண்ணாக்கும். ஊருணியில் இறக்காதீர்கள், அது ஊர் குடிக்கிற தண்ணீர்.

சாயல்குடி, வெல்டிங் பட்டறை:

கால் வராது என்று ஆன நாய்க்கு வண்டி. முக்கால் அங்குல பி.வி.சி. குழாய், எல்போ, டீ இணைப்புகள் போதும். இடுப்பு அகலத்தோடு இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடம் விடுங்கள். முதுகு தரைக்கு இணையாக நிற்கவேண்டும். பின்பக்கம் உயர்ந்தால் முன் தோள் போய்விடும். மெல்லிய சக்கரம் நம் மணலில் புதையும், 12 அங்குலப் பிள்ளைகள் சைக்கிளின் தடித்த டயர் சரி. முதலில் பத்து நிமிடம், வண்டியிலேயே தூங்கவிடாதீர்கள். இழுபடும் பாதத்துக்கு உறையைத் துணியில் தைத்து, அடியில் மட்டும் சைக்கிள் டியூப் ஒட்டுங்கள். முழுக்க டியூப் என்றால் உள்ளே வெந்துவிடும்.

தேவிபட்டினம்:

தேறிய நாயைக் கிடைக்குத் திருப்புவது பற்றி யாரும் எழுதவில்லை. பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் கூடாது. முதலில் பகல் மேய்ச்சலுக்கு, நீளக் கயிற்றில், கீதாரியின் (கிடையின் தலைமை மேய்ப்பர்) பக்கத்திலேயே ஒரு மணி நேரம். மறுநாள் காலை எழும்போது முதுகைக் கூனிக்கொண்டு நின்றால் இரண்டு நாள் ஓய்வு. இரவுக் காவலுக்கு இன்னொரு நாய் துணை இருக்கவேண்டும், முதலில் பாய்வது அதுவாக இருக்கட்டும். கழுத்துக் கயிற்றை எடுத்துவிட்டு மார்பு வாரைப் போடுங்கள். கிடைத் தட்டியைத் தாண்டிக் குதித்துப் பழகிய நாய் பழையபடி குதிக்கத்தான் பார்க்கும். அதனால் அது படுக்கும் மூலையில் மட்டும் தட்டியை ஒரு முழம் விலக்கி, நடந்து போக வழி விட்டுவையுங்கள்.